புது இரத்தம் ஊறும் நாட்களில் மூளையைக் காப்போம்



தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிற நாங்கள், இன்று பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு நோயைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வந்திருக்கிறோம். இரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டு, பிழைத்து வீடு திரும்பிய ஒருவருக்கு மூளையில் கிருமி தாக்கினால் என்ன ஆகும், அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தடுப்பது என்பதே இன்றைய பேச்சு. "இது பட்டணத்துப் பணக்காரர்களின் நோயாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், எங்களிடம் படித்த ஒரு பையனுக்கே அது வரும் வரையில்.

ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய். மூத்தவள் மணமாகிச் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறாள். இளையவன் அக்காளைத் தொடர்ந்து போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டு நிரந்தரவாசியும் ஆனான். முப்பது வயதுகூட நிரம்பாத அவனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்தில் நோய் தணிந்தாலும் திரும்ப வரும் அபாயம் இருந்ததால், மாற்று சிகிச்சை தேவை என்றார்கள் மருத்துவர்கள். அக்காளின் அணுக்கள் தம்பிக்குப் பொருந்தின. அவள் கொடுத்தாள், அவன் பிழைத்தான்.

அந்தச் சிகிச்சை என்ன என்பதை முதலில் பார்ப்போம். நம் எலும்புகளுக்குள்ளே மஜ்ஜை என்ற மென்மையான பொருள் இருக்கிறது. இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றுக்கெல்லாம் தாயாக இருப்பதே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு. தோட்டத்து மக்களுக்கு ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். பால் வற்றி நோய் பிடித்த பழைய ரப்பர் மரங்களை என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் சாய்த்து, நிலத்தைச் சுத்தம் செய்து, புதுக் கன்று நடுகிறோம். அதைப் போலவே, கடுமையான மருந்துகளாலும் சில வேளைகளில் கதிர்வீச்சாலும் கெட்டுப்போன மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறொருவரின் குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அவை எலும்புக்குள் தாமே போய்ச் சேர்ந்து, இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் புது இரத்தத்தை ஊறவைக்கத் தொடங்குகின்றன.

இந்த முறைக்கு வழி வகுத்தவர்களில் முதல்வரான அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், தமிழ்நாட்டில் 1986-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. சிங்கப்பூரில் 1985-இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும், மலேசியாவில் 1987-இல் கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கினார்கள். ஆகவே, நம் வட்டாரத்துக்கு இது நேற்று வந்த புதுமை அல்ல.

இனி, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். புதுக் கன்று நட்ட நிலத்தில் முதல் சில ஆண்டுகள் எவ்வளவு கவனம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கன்று நிழல் தரும் அளவுக்கு வளருமுன் லாலாங் புல் மண்டிவிடும். காட்டுப்பன்றி வந்து கிளறிவிடும். மாற்று சிகிச்சை செய்தவரின் உடம்பும் அப்படித்தான். முதல் சில வாரங்களில் வெள்ளையணு மிகக் குறைவு. பிறகு எண்ணிக்கை கூடினாலும், புது அணுக்கள் அனுபவமில்லாத காவல்காரரைப் போன்றவை. பழைய கிருமிகளின் முகம் அவற்றுக்குத் தெரியாது. சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன்கூடப் பெரும்பாலும் மறைந்துவிடுவதால், பல ஊசிகளைப் பின்னர் மீண்டும் போடவேண்டியிருக்கிறது. மேலும், வந்த அணுக்கள் நோயாளியின் உடம்பையே அயலான் என்று எண்ணித் தாக்குவதும் உண்டு. அதை அடக்க ஸ்டிராய்டு போன்ற மருந்துகள் தருகிறார்கள். அவை அந்தச் சண்டையை அடக்கும்போது கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்குகின்றன. எதிர்ப்புச் சக்தி ஓரளவு திரும்ப ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

இந்தக் காலத்தில் கிருமி நுரையீரலுக்கும் போகலாம், குடலுக்கும் போகலாம். எல்லாவற்றிலும் கொடியது மூளைக்குப் போவது. அடிக்கடி நேருகிற ஒன்றல்ல அது. ஆனால் நேர்ந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் விலை மதிப்புள்ளது.

எங்கள் மாணவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். சிகிச்சை முடிந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்துவிட்டான். மகனைப் பார்த்துக்கொள்ளத் தாயும் தோட்டத்திலிருந்து போயிருந்தார். ஒரு நாள் காலையில், "அம்மா, இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். வியாழன் என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மத்தியானம் கஞ்சி குடித்த கிண்ணம் எதிரில் இருக்கும்போதே, "இன்னும் கஞ்சி தரவில்லையே" என்றானாம். காய்ச்சல் இல்லை. தலைவலி இல்லை. அந்த அம்மா மனம் கலங்கி எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், பிள்ளை பேச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றார்.

அப்போது நாங்கள் சொன்ன பதிலை இன்று இந்த ஒலிபெருக்கியின் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். "மருந்து மயக்கமாக இருக்கும், நன்றாகத் தூங்கட்டும். பொறுத்துப் பார்க்கலாம்" என்றோம். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று அந்தத் தாயும் நம்பினார். மூத்த மகளோ இரவு வேலைக்குப் போய்வருகிறவள். வீட்டில் நடந்தது அவளுக்கு முழுதாகத் தெரியவில்லை. இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் தம்பி தன்னைப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்டபோதுதான் அக்காள் திடுக்கிட்டு மருத்துவமனையை அழைத்தாள். "ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்" என்றார்கள். போகும் வழியிலேயே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது.

அவன் மூளையைத் தாக்கியது மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் ஆறாம் வகை. 1986-இல் கண்டறியப்பட்ட வைரஸ் இது. நம்மில் ஏறக்குறைய எல்லாருக்கும் இரண்டு, மூன்று வயதுக்குள்ளேயே இது வந்துபோகிறது. குழந்தைக்கு மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் உடம்பில் சிவப்புத் தடிப்புகள் தோன்றி மறைவதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்த வைரஸின் வேலைதான். பிறகு அது உடம்பை விட்டுப் போவதில்லை. சாம்பலுக்குள் நெருப்புப்போல் அடங்கிக் கிடக்கிறது. மாற்று சிகிச்சை செய்தவருக்கு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள், எதிர்ப்புச் சக்தி இல்லாத வேளை பார்த்து எழும்பி, மூளையில் ஞாபகத்தைக் காக்கும் பகுதியைச் சிலரிடம் தாக்குகிறது. அதனால்தான் பழைய நாட்களில் நடந்தது நினைவிருந்து, பத்து நிமிடத்துக்கு முன் நடந்தது மறந்துபோகிறது. காய்ச்சல் இல்லாமலே இது வரலாம் என்பதுதான் நாங்கள் அறியாமல் போன பாடம்.

மூளைக்குப் போகிற வேறு கிருமிகளும் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக் காளான் மண்ணிலும் மக்கிய இலையிலும் கட்டட வேலைத் தூசியிலும் இருக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போய், அங்கிருந்து இரத்தத்தின் வழியே மூளைக்கு ஏறும். கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு காளான் புறா எச்சத்தில் வளர்கிறது. இது மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தின் வழியாகவும் சரியாக வேகாத இறைச்சியின் வழியாகவும் உடம்புக்குள் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்த காலத்தில் விழித்துக்கொள்ளும். நம் வட்டாரத்துச் சேற்றிலும் மழைநீரிலும் வாழ்கிற ஒரு பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். அதுவும் சிலருக்கு மூளை வரை போவதுண்டு.

தோட்டத்து மக்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற மெல்லிய புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். மற்றப் புழுக்களைப் போலன்றி, இது உடம்புக்குள்ளேயே பெருகிப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்கூடத் தங்கிவிடும். பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. அவருக்கு ஸ்டிராய்டு மருந்து கொடுக்கும்போதுதான் புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, குடலைத் துளைத்து வெளியேறும். குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு போவதால், இரத்தம் கெட்டு மூளைச் சவ்வும் அழற்சியாகும். சிறு வயதில் தோட்டத்தில் செருப்பில்லாமல் திரிந்தவர் இன்று பட்டணத்தில் பத்தாவது மாடியில் குடியிருந்தாலும், அந்தப் புழு அவரோடு இருக்கலாம். ஆகவே இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் போகுமுன், "நான் தோட்டத்தில் வளர்ந்தவன், வெறுங்காலில் நடந்தவன்" என்று மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்துப் புழுவை முன்கூட்டியே ஒழித்துவிடலாம்.

சரி, எந்த அடையாளங்களைக் கண்டால் ஓட வேண்டும்? தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினால் காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, நாக்குக் குழறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவை எல்லாரும் எளிதில் கவனிக்கும் அடையாளங்கள். எளிதில் தவறிப்போகிறவை வேறு: கேட்டதையே கேட்பது, நாள் கிழமை மறப்பது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், சாந்தமானவர் திடீரென்று எரிந்து விழுவது, இல்லாததை இருப்பதாகச் சொல்வது. இவற்றைக் கண்டு "காற்று பட்டிருக்கிறது", "கண்ணேறு பட்டுவிட்டது" என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப்போவதும், எங்களைப்போல் "மருந்து மயக்கம்" என்று சொல்லித் தூங்கவிடுவதும் ஒரே தவறுதான். நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம். முதலில் சிகிச்சை செய்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழையுங்கள்.

மருத்துவமனையில் மூளையைப் படம் பிடிப்பார்கள். முதுகில் ஊசியிட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரைச் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று நம் மக்களிடையே ஒரு பயம் இருக்கிறது. அந்த அம்மாவும் கையெழுத்துப் போட மறுத்து அழுதாராம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. வலிப்பு வந்தவர்களுக்கும் இரத்தத் தட்டணு குறைந்தவர்களுக்கும் முன்பாகவே வேண்டிய சோதனைகளைச் செய்து, தக்க முன்னேற்பாடுகளோடுதான் போடுவார்கள். அந்த நீரைப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். கிருமி தெரிந்தால்தான் மருந்து தெரியும். வைரஸுக்கு ஒரு மருந்து, காளானுக்கு வேறு மருந்து, ஒட்டுண்ணிக்கு இன்னொன்று. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ஆற்றக்கூடிய நோய் அல்ல இது. எங்கள் மாணவனுக்கு மூன்று வாரங்களுக்கும் மேலாக நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள்.

வருமுன் காப்பதற்கு வீட்டில் என்ன செய்யலாம்? பள்ளி விடுமுறையில் அவனைப் பார்க்கப் போனோம். பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறினால், புக்கிட் பாத்தோக்கில் இறங்கிவிடலாம். மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. முன்பு கருங்கல் உடைத்த குன்றுகள் சூழ்ந்த இடம். இன்று அவற்றின் இடையே அடுக்குமாடிகள். அந்த வீட்டில் அக்காள் கடைப்பிடித்த ஒழுங்கைக் கண்டு வியந்தோம். வாசலிலேயே கை கழுவச் சொன்னாள். சளி, இருமல் உள்ளவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. நடைபாதையில் ஆசையாக வளர்த்த துளசியையும் கறிவேப்பிலையையும் அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டாள், தொட்டி மண்ணில் காளான் இருக்கும் என்பதால். சன்னல் விளிம்பில் புறா உட்கார்ந்து அசிங்கம் செய்தால் தம்பியை அறைக்குள் அனுப்பிவிட்டு, முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து நனைத்துத் துடைப்பது அவள் கணவரின் வேலை. மேல்மாடியில் ஒரு வீட்டில் சுவர் இடித்த நாட்களில் சன்னல்களை அடைத்தே வைத்திருந்தார்களாம்.

சாப்பாட்டிலும் அப்படியே. தேக்கா சந்தைக்குப் போய் மீனும் காயும் வாங்கி வந்தாலும், நன்றாக வெந்ததைத்தான் அவனுக்குக் கொடுக்கிறாள். பச்சைக் காய், அரைவேக்காட்டு முட்டை, நறுக்கி வைத்து விற்கும் பழம், முதல் நாள் குழம்பு எதுவும் கிடையாது. இந்த இடத்தில் ஒரு செய்தி. 2015-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பச்சை மீன் சாப்பிட்டவர்களில் பலர் ஒரு வகை ஸ்டிரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் தாக்கப்பட்டார்கள். சிலருக்கு மூளைச் சவ்வு அழற்சியே வந்தது. சோங் என்ற கெண்டை இன மீனும், தோமான் என்ற விரால் இன மீனும் காரணம் என்று கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் நன்னீர் மீன்களைப் பச்சையாகப் பரிமாறி விற்பதைத் தடை செய்தார்கள். திடகாத்திரமானவர்களையே அது வீழ்த்தியது என்றால், புது இரத்தம் ஊறுகிறவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

கோயில் தீர்த்தத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பக்திக்குக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வீட்டில் கொதிக்கவைத்து ஆறிய நீரைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுக் கொடுங்கள். பூமாலையைப் படத்துக்குச் சாற்றுங்கள், நோயாளியின் படுக்கையருகில் வேண்டாம். நாட்டு மருந்து, லேகியம், வேர்ச்சாறு எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவற்றில் சில, மாற்று சிகிச்சை மருந்தின் வேலையையே கெடுத்துவிடும். மருத்துவர் தந்த தடுப்பு மாத்திரைகளை, "உடம்புதான் தேறிவிட்டதே" என்று தாமாக நிறுத்தவும் கூடாது.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இச்சிகிச்சைக்கு முதலில் தேடுவது உடன்பிறப்புகளைத்தான். கூடப் பிறந்த ஒருவரின் அணுக்கள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. குடும்பத்தில் கிடைக்காவிட்டால், முன்பின் அறியாதவரிடம் தேட வேண்டும்; அதுவும் ஒரே இனத்தாரிடம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காகவே சிங்கப்பூரில் 1993-இலிருந்து எலும்பு மஜ்ஜை நன்கொடைத் திட்டமும், சென்னையில் 2009-இலிருந்து தாத்ரி என்ற அமைப்பும் கொடையாளர்களைப் பதிவு செய்கின்றன. கொடுப்பவருக்கு ஊனம் ஏற்படும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலும் கைநரம்பிலிருந்து இரத்தம் எடுத்துக் குருத்தணுவைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். கொடுத்த அணுக்கள் சில வாரங்களில் மறுபடியும் ஊறிவிடும். அந்த அக்காள் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

எங்கள் மாணவன் இன்று உயிரோடு இருக்கிறான். புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் ஞாபகம் முன்போல் இல்லை. பள்ளியில் வாய்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்த பையன், இப்போது சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறான். இன்று என்ன கிழமை, எந்த மாத்திரை போட்டாயிற்று, யார் வந்து போனார்கள் என்று எழுதிக்கொள்கிறான். நாங்கள் விடைபெற்றபோது, "சார், நீங்கள் வந்ததை எழுதிவிட்டேன்" என்று காட்டினான்.

அந்த இரண்டு நாட்களால்தான் இப்படி ஆயிற்றா என்று மருத்துவரைக் கேட்டோம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எங்கள் மனம் ஆறுவதற்காக அவர் அப்படிச் சொன்னாரோ என்னவோ. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆகையால்தான் இதை வெளியே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நேயர்களே, உங்கள் உறவிலோ அண்டை அயலிலோ இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் யாரேனும் இருந்தால், மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் காலையில் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்று என்ன கிழமை? நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்? நான் யார்? பதிலில் தடுமாற்றம் இருந்தால் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.